துணிக்கு ஐம்பது கிராம்

12 மார்ச் 2024, செவ்வாய்

ஆண் குழந்தை. காலை 9.42. ஆபரேஷன்தான். எடை 2 கிலோ 780.

கையில் டிரிப்ஸ் ஏறுகிறது. எழுத்து கோணலாகப் போகிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

13 மார்ச், புதன்

தியேட்டரில் நான் கேட்ட முதல் கேள்வி எடை எவ்வளவு என்பதுதான். மயக்க டாக்டர் சிரித்துவிட்டார். "ஆணா பொண்ணான்னு கேக்காம எடையக் கேக்குற மொத ஆளு நீங்கதாம்மா" என்றார். பைபாஸ் எடை மேடையில் எட்டு வருடமாகச் சீட்டுப் போடுகிறவள் வேறு எதைக் கேட்பாள்? லாரி வந்து நின்றால் டிரைவர் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன், எண்ணைத்தான் பார்ப்பேன். இந்த டைரியும் எடை மேடை முதலாளி புது வருடத்துக்குக் கொடுத்ததுதான். எந்த லாரிக்காரன் என்ன தகராறு செய்தான் என்றுதான் இதுவரை எழுதி வைத்திருக்கிறேன். இனி கொஞ்ச நாளைக்கு இவன் கதை.

வார்டில் நான்கு கட்டில். எனக்கு ஜன்னலோரம். பக்கத்துக் கட்டிலில் ஜைனம்பு, கயத்தாறுக்காரி. மூன்றாவது பிரசவம். அவளுக்கு நைட்டி நனைகிற அளவுக்குப் பால் வருகிறது. அதையும் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அம்மா இல்லை. வீட்டுக்காரரின் அக்கா பூரணம் மதினிதான் துணைக்கு இருக்கிறார். போன தடவையும் அவர்தான்.

ஜெயசீலி சிஸ்டர் ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்தார். எத்தனை மணிக்குப் பால் கொடுத்தோம், எவ்வளவு நேரம் குடித்தான், எத்தனை தடவை ஒன்றுக்குப் போனான், எல்லாவற்றையும் தாயே எழுத வேண்டுமாம். "நீங்க எழுதுறத வச்சுதான் டாக்டர் முடிவு பண்ணுவாரு. பாத்து எழுதுங்க" என்று நாலு கட்டிலுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருடத்தில் ஒரு சீட்டில்கூட ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ போட்டவள் இல்லை நான்.

அட்டையில் இன்று எழுதியது: எட்டுத் தடவை, ஒவ்வொன்றும் இருபது நிமிடம். ஒன்றுக்கு மூன்று தடவை.

வாயை வைக்கிறான். இரண்டு இழுப்பு இழுக்கிறான். தூங்கிவிடுகிறான். உள்ளங்காலைச் சுண்டினால் முகத்தைச் சுளிக்கிறான், மறுபடியும் தூங்குகிறான்.

காலை எடை 2.650. முதல் மூன்று நாள் கொஞ்சம் குறையத்தான் செய்யும், பயப்பட வேண்டாம் என்கிறார்கள். மூத்தவளுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அது வேறு ஆஸ்பத்திரி. மூத்தவள் ஆறாம் நாள் போய்விட்டாள். இருந்தால் இப்போது இரண்டரை வயது நடக்கும். அவளைப் பற்றி இதில் எழுதுவதாக இல்லை.

14 மார்ச், வியாழன்

பார்க்க வருகிறவர்கள் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பதில்லை. செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறார்கள்: "பால் இருக்கா?" தெருவில் தண்ணீர் லாரி வந்ததா என்று கேட்கிற அதே குரல். இன்று ஐந்து பேர் கேட்டார்கள். ஐந்து பேரிடமும் இருக்கிறது என்றேன். ஒருத்தி விடாமல் என் மாராப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

மதினி பூண்டை நெய்யில் வதக்கிக் கொண்டுவந்தார். நாளைக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொண்டுவருகிறாராம். சுறா சாப்பிட்டால் பால் கொட்டும் என்பது அவருடைய கட்சி. சாப்பிட்டு வைப்போம், சுறாவுக்கு என்ன நஷ்டம்.

எடை 2.540. எடை போடுகிற முறையைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. ஆயாம்மா பிள்ளையைத் துணியோடு தட்டில் படுக்க வைக்கிறார். "துணிக்கு அம்பது கழிச்சுக்கோங்க சிஸ்டர்!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். துணி மெல்லிசா, கனமா, ஈரமா, காய்ந்ததா என்ற கேள்வியே கிடையாது. ஏசி குளிரில் பிள்ளையை உரித்துப் போட வேண்டாம் என்று யாரோ ஆரம்பித்ததாம். என் மேடையில் இப்படி ஒரு சீட்டுப் போட்டால் முதலாளி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தார்ப்பாயைத் தண்ணீரில் முக்கிப் போட்டு எடை கூட்டுகிற டிரைவர்களை எத்தனை தடவை பிடித்திருக்கிறேன்.

மத்தியானம் இவன் இடுப்புத் துணியில் செங்கல் பொடி நிறத்தில் கொஞ்சம் பட்டிருந்தது. நானே மெல்ல எழுந்து பாத்ரூமுக்குப் போய் அலசிப் பிழிந்து போட்டேன். தையல் இழுத்தது.

"ஏளா, நா ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல? நீ எதுக்குப் போற?" என்றார் மதினி.

"நடக்கச் சொன்னாக மதினி" என்றேன்.

அட்டையில்: ஒன்பது தடவை, இருபது நிமிடம். ஒன்றுக்கு ஐந்து தடவை.

மூன்று மணிக்கு எல்லாரும் போனபிறகு மூத்தவள் வந்தாள். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கு மதினியின் மூக்கு. முகம் தெரியாமல் போனவள்தான், ஆனாலும் எனக்குத் தெரிந்தது. இவன் வாய் வைக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக் களைப்பாக இருக்கும்.

15 மார்ச், வெள்ளி

எடை 2.480.

குழந்தை டாக்டர் ஆவுடைநாயகம் வந்தார். ஒல்லி மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம். அட்டையைப் பார்த்தார். இவன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். மார்புத் தோலை அழுத்திப் பார்த்தார், மஞ்சள் தெரிகிறது என்றார்.

"பொறந்த எடையில பத்து சதவீதத்துக்கு மேல எறங்கியிருக்கும்மா. தாய்ப்பால நிறுத்தச் சொல்லல. மொதல்ல நெஞ்சுல போடுங்க. அப்புறம் பீச்சி எடுத்துக் குடுங்க. அதுக்கு மேல முப்பது மில்லி பவுடர் பால், பாலாடச் சங்குல. ஒங்களுக்கு நல்லாப் பால் எறங்குற வரைக்குந்தான். ரெண்டு நாளோ மூணு நாளோ."

"வேண்டாம் டாக்டர்."

"ஏம்மா?"

"பிள்ள நல்லாக் குடிக்கான். அட்டையில எழுதியிருக்கேன்ல?"

"அட்ட நல்லாத்தான் இருக்கு. எடதான் அட்ட சொல்றதக் கேக்க மாட்டேங்குது" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முகம் சுட்டது.

அந்த நேரம் பார்த்து அவர் வந்தார், என் வீட்டுக்காரர் மகராஜன். தீப்பெட்டி ஆபீஸில் மெஷின் ஃபிட்டர். இன்றைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தார். பவுடர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மனிதர் மாறிவிட்டார்.

"டாக்டர், மூத்த பிள்ளைக்கு அந்தக் கருமத்தக் குடுத்துதான் வாரிக் குடுத்துட்டு நிக்கோம். இவனுக்கு ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

"மூத்த குழந்தையோட பேப்பர் இருக்கா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "இல்ல" என்றேன். பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் இருக்கிறது.

பவுடர் வேண்டாம் என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார். டாக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னார்: "நாளைக்குக் காலையில எட பாப்பேன். எறங்கியிருந்தா இந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்டுட்டு நானே குடுப்பேன்."

டாக்டர் போனதும் அவர் இவன் தலையைத் தடவி, "ஒனக்கு ஒண்ணும் ஆக விடமாட்டேன்டா" என்றார். பவுடர்தான் மூத்தவளைக் கொண்டுபோனது என்று அவருக்கு யாரும் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். இரண்டரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் இன்னொரு கூத்து. வெள்ளிக்கிழமை என்று மதினி இரண்டு முழம் மல்லிகை வாங்கிவந்தார், தலையில் வைத்துவிட. வாசம் வந்ததுதான் தெரியும், பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. மதினி ஜன்னலைச் சாத்தினார். அவருக்குத் தெரியும்.

போன தடவை மூத்தவளைத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், நான் பிரசவமான ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தேன். அதற்குப் பிறகுதான், ஐந்தாம் நாள், எனக்குப் பால் இறங்கியது. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. பிள்ளை எப்படி இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மறுநாள் மதினி மல்லிகைப் பூவோடு வந்தார். என் ரவிக்கையை அவிழ்த்து, பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். பால் வற்றுவதற்கு அப்படிக் கட்டுவார்கள். வாயால் யாரும் சொல்லவில்லை. பூவைக் கட்டும்போது எனக்குத் தெரிந்துபோயிற்று.

எழுதுவதாக இல்லை என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அட்டையில்: பத்துத் தடவை, இருபத்தைந்து நிமிடம். ஒன்றுக்கு ஆறு.

துணி இரண்டு தடவை அலசினேன்.

16 மார்ச், சனி

எடை 2.530. ஏறிவிட்டான்!

டாக்டர் ஆவுடைநாயகம் அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தார். "பரவாயில்லையே, அம்மா ஜெயிச்சிட்டாங்க" என்றார். இன்று ஒருநாள் பார்த்துவிட்டு நாளை காலையில் வீட்டுக்குப் போகலாமாம். வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸில் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாராம்.

காலையில் ஆயாம்மா வருவதற்கு முன்பே இவனை நானே துணியில் சுற்றி வைத்துவிட்டேன். "எம் வேலைய நீங்களே முடிச்சுட்டீங்களே" என்றார் ஆயாம்மா. துணிக்கு ஐம்பது கழித்தார்கள்.

சமத்தாகத் தூங்குகிறான். சத்தமே இல்லை. வார்டில் மற்ற பிள்ளைகள் எல்லாம் கத்தித் தீர்க்கின்றன.

பதினோரு மணிக்கு ஜைனம்பு தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, புள்ளைக்கு ஒதடு காஞ்சாப்ல இருக்கே. நா வேணா ஒரு வாய் குடுக்கட்டா? எனக்குச் சும்மா ஒழுகிட்டுத்தான கெடக்கு."

"ஒஞ் சோலியப் பாத்துட்டுப் போ" என்றேன்.

அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் நல்ல மாதிரிதான். இன்னொருத்தி பாலை இவன் மடமடவென்று குடித்துவிட்டால், இத்தனை நாள் என்னிடம் என்ன குடித்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் அல்லவா.

மூன்று மணி. மூத்தவள் வந்தாள். இன்று கட்டில் பக்கம் வரவில்லை. மூலையில் இருக்கிற எடை மெஷினுக்குப் போய், எம்பி நின்று, தட்டில் கையை வைத்து அழுத்தினாள். எண் ஏறியது. கையை எடுத்தாள். இறங்கியது. மறுபடியும் அழுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். மெஷினுக்கு அப்போது கரண்ட்டே கொடுத்திருக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். அதையும் பார்த்தேன்.

அட்டையில்: பத்து. இருபத்தைந்து. ஆறு.

17 மார்ச், ஞாயிறு. காலை 6.30

ஆறாம் நாள்.

காலை 7.15

எழுப்பிப் பார்த்தேன். காதைச் சுண்டினேன், காலைச் சுண்டினேன், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். மதினி பைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மத்தியானம் 1.00

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மதினி பையைக் கட்டி முடித்துவிட்டு இவனை எடுத்து மடியில் வைத்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "என்னா சமத்து! அழவே செய்யல. மூத்தது மாதிரியே" என்று சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளுத்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது.

பிள்ளையை வாங்கிக்கொண்டு நர்ஸ் மேசைக்கு ஓடினேன். தையல் பிரிந்தால் பிரியட்டும். ஜெயசீலி சிஸ்டர் டிஸ்சார்ஜ் பேப்பரை எழுதிக்கொண்டிருந்தார்.

"குடிக்கல சிஸ்டர்."

"எப்ப இருந்தும்மா? காலையில இருந்தா?"

"பொறந்ததுல இருந்து."

"அட்டையில பத்துத் தடவ…"

"பொய்."

"நேத்து எடை கூடியிருந்துச்சே?"

"துணிக்குள்ள டர்க்கி டவல மடிச்சு வச்சிருந்தேன்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ஓடும்போதே துணியை உருவிக் கீழே போட்டார். நான் குனிந்து அதை எடுத்தேன். செங்கல் பொடி இன்றும் இருந்தது.

துணி இல்லாமல் எடை 2.330. சர்க்கரை 38, ரொம்பக் குறைவாம். உடம்பில் தண்ணீர் சத்து வற்றி உப்பு ஏறிவிட்டதாம், துணியில் அந்தச் செங்கல் நிறமும் அதனால்தானாம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றால் கால் மட்டும் தெரிகிறது. அதில் ஒரு ஊசி.

டாக்டர் வெளியே வந்தார். "டிரிப்ஸ் ஓடுது. வயித்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் பால் போகணும். இப்ப ஒங்ககிட்டப் பால் இல்ல, இங்க பால் வங்கியும் கெடையாது. பவுடர்தான். ஒங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்த பேப்பர் ஒண்ணு என்கிட்ட இருக்கு."

வீட்டுக்காரர் படியேறி வந்துகொண்டிருந்தார். வீட்டுக்குக் கூட்டிப்போக ஆட்டோவோடு வந்தவர். விஷயம் தெரிந்ததும், "அதக் குடுக்காதீங்க டாக்டர், வேற என்ன வேணும்னாலும் குடுங்க, மதுரைக்குக் கொண்டுபோறேன், கால்ல விழுதேன்" என்று கும்பிட்டார். அழுதார். அந்த மனிதர் அழுது நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

"நா கையெழுத்துப் போடுதேன். குடுங்க டாக்டர்" என்றேன்.

"செம்பகம், ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றார் அவர்.

பேப்பரில் என் முழுப்பெயரையும் எழுதினேன். செண்பகக்கனி. அவர் என்னை வேறு யாரையோ பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். வண்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று மதினி சொல்கிறார்.

மாலை 5.00

உள்ளேயிருந்து இன்னும் தகவல் இல்லை.

மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சேலை முந்தியை முறுக்கினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மூத்தது துணியிலயும் அந்தச் செவப்பு இருந்துச்சு. நா பாத்தேன். அது பிள்ளைக்குச் சூடுன்னு நானா நெனச்சுக்கிட்டேன். யார்கிட்டயும் காட்டல. ஒங்கிட்டக்கூடச் சொல்லல. இந்தத் தடவ நீயே தொவைக்கவும், இல்ல போலன்னு இருந்துட்டேன்."

"நானும் பாத்தேன் மதினி" என்றேன்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

18 மார்ச், திங்கள்

அழுதான். காலை 8.20. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. அவ்வளவு கோபம் அந்த அழுகையில். என் மகன்தான்.

பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கை கழுவி, பச்சை அங்கி மாட்டிவிட்டு, பாலாடையை என் கையில் கொடுத்தார் ஜெயசீலி சிஸ்டர். டப்பாப் பால், முப்பது மில்லி. அந்த வாடை எனக்கு ஆகாது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வைத்ததும் நாக்கை நீட்டினான். சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். என் கை மெதுவாகச் சாய்ந்தால் கத்தினான். முப்பதும் போனது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். இவனுக்குக் கண் இவ்வளவு பெரியது என்று இன்றுதான் தெரியும்.

அட்டையை மறுபடியும் கொடுத்தார் சிஸ்டர். புது அட்டை. கை கூசியது. "இனிமேயும் நீங்கதான் எழுதணும்" என்றார். எழுதினேன். நெஞ்சில் போட்டது நான்கு நிமிடம். பீச்சியது மூன்று மில்லி. பவுடர் முப்பது. ஒன்றுக்கு ஒரு தடவை.

டாக்டரிடம் மூத்தவளைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, பாதி. "அப்பவும் இதுதான் டாக்டர் காரணமா?" என்று கேட்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"அந்தப் பிள்ளையோட பேப்பரப் பாக்காம நா ஆமான்னும் சொல்லமாட்டேன், இல்லன்னும் சொல்லமாட்டேன்" என்றார். பிறகு, "ஒங்க மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொன்னா அதுவும் பொய். ஆனா நேத்து நீங்க அந்த மேசைக்கு வந்திருக்காட்டி இன்னிக்கு இந்தப் பேச்சுக்கே எடமில்ல. அதையும் சேத்துச் சொல்லிருதேன்" என்றார்.

வார்டில் இன்று முதல் துணி இல்லாமல்தான் எடை. ஆயாம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒரு ஹீட்டரைத் தள்ளிக்கொண்டு வருகிறார்.

ஜைனம்பு இன்று வீட்டுக்குப் போனாள். போகும் முன் என் கட்டிலுக்கு வந்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். "புள்ள கத்துனது எனக்கும் கேட்டுச்சுக்கா" என்று சொல்லிவிட்டு என் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

19 மார்ச், செவ்வாய்

பால் இறங்கிவிட்டது. விடிகாலையில் ரவிக்கை நனைந்திருந்தது. பழையபடி கல்லாகக் கட்டவில்லை, சிஸ்டர் இரண்டு மணிக்கொரு தரம் பீச்ச வைக்கிறார். மத்தியானம் பதினெட்டு மில்லி. ஒரு சொட்டுக் கீழே விழுந்ததற்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது.

எடை 2.440, துணி இல்லாமல். இவனை என் கட்டிலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள், பவுடரையும் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு நான்கு தடவை. மஞ்சளாக இருந்தது, சிவப்பு இல்லை. மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் பிள்ளையின் மூத்திரத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நெஞ்சில் போட்டபோது மூத்தவள் வந்தாள். கால்மாட்டில் நின்றாள். இவன் விழுங்குகிற சத்தம் கேட்டது, முதல் தடவையாக. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். கம்பியை விடவில்லை. பக்கத்தில் வா என்று கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. இவன் பாலாடையில் பவுடர்ப் பால் குடிப்பதை நின்று பார்த்தார். முழுவதும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இவன் இதக் குடிச்சுத்தான பொழச்சுக்கிட்டான்?"

"ஆமா."

"அப்ப அவளுக்கு மட்டும் ஏன் சேரல?"

பதில் எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், அவளைச் சுற்றி ஆட்கள். "எழுதித் தாரேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கேதான் இருக்கிறார், கதவு வழியாக முதுகு தெரிகிறது.

இதை முடித்ததும் டைரியை அவர் கையில் கொடுக்கப்போகிறேன். முன்னால் இருக்கிறதை எல்லாம் படித்தாலும் சரி, அடுத்து இருக்கிறதை மட்டும் படித்தாலும் சரி.

19 அக்டோபர் 2021, செவ்வாய்

அன்று எழுதாமல் விட்டது.

மூன்றாம் நாள். பெண் குழந்தை. பிறந்த எடை 2 கிலோ 900. காலையிலிருந்து ஒரு தடவைகூடக் குடிக்கவில்லை. துணியில் செங்கல் நிறம், இரண்டு தடவை. இரண்டையும் அலசிவிட்டேன்.

பத்து மணிக்கு சிஸ்டர் வந்து, பிள்ளை குடிக்கிறதா, இல்லையென்றால் சொல்லுங்கள், பவுடர் கலந்து தருகிறோம் என்று கேட்டார். கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நின்றிருந்தார்கள். உங்கள் சித்தி, தெருக்காரர்கள், மதினி. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் இல்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நன்றாகக் குடிக்கிறாள் என்று சொன்னேன்.

நான்காம் நாளும் கேட்டார்கள். அதையேதான் சொன்னேன்.

ஐந்தாம் நாள் திருநெல்வேலிக்கு அனுப்புவதற்கு முன்னால் பவுடர்ப் பால் கொடுத்தார்கள். நீங்கள் ஆம்புலன்ஸுக்காகக் கீழே போயிருந்தீர்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவளுக்கு அது சேராமல் இல்லை. நாக்கை நீட்டி நீட்டிக் குடித்தாள். போதவில்லை என்று அழுதாள், இன்னும் கொஞ்சம் கொடுத்தார்கள், அதையும் குடித்தாள்.

அவள் வயிறு நிறைந்தது அந்த ஒரு தடவைதான்.